தலைவர் வீட்டுத் தங்கமீன்கள்

கொளத்தூரில் ஆறு பேர் ஒரே வாரத்தில் தொட்டித் தண்ணீரை முழுசாக மாற்றி, மீன்களை எல்லாம் சாகடித்தார்கள். அந்தத் துக்கத்தில் பிறந்ததுதான் வண்ணமீன் வளர்ப்போர் சங்கம். யார் வீட்டில் எந்த மீன் ஏன் செத்தது என்று மாதாமாதம் சொல்லி நோட்டில் எழுதிவைப்பதே அதன் வேலை.

கோதண்டபாணி தலைவரானதும் நோட்டைச் சங்க அறையின் பரணில் போட்டார். மீனைச் சாகவிட்டவர் உறுப்பினராக முடியாது என்று விதி கொண்டுவந்தார். உடனே எல்லார் வீட்டு மீன்களும் சாவதை நிறுத்திக்கொண்டன.

அவர் வீட்டில் தொட்டி கழுவும் வேதவல்லி, தான் வளர்த்த ஃபைட்டர் மீன்களைச் சங்கத்தின் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டாள். அதற்கு உறுப்பினராக வேண்டும். கூட்டத்துக்கே வந்து கேட்டாள்.

"செத்த மீன் எத்தனை அள்ளிப் போட்டிருக்கே?" என்றார் தலைவர்.

"நாப்பத்தொண்ணு சார்."

கூட்டம் சிரித்தது.

"என் தொட்டியில பன்னண்டு வருஷமா அதே பத்து தங்கமீன். ஒண்ணு செத்திருக்கா?"

"மூணுதான் சார் என்னுது. முப்பத்தெட்டு உங்களுது. நீங்க பிஸ்கட்டா போட்டுத் தள்ளுறீங்க. மிதந்துச்சுன்னா, 'அவருக்குத் தெரியவேணாம், அதே மாதிரி வாங்கிட்டு வா'ன்னு உங்க வீட்டம்மா அனுப்புவாங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எனக்கும் போன மாசம் நாலு போச்சு" என்றார்.

செயலாளர் நோட்டைப் பரணிலிருந்து இறக்கினார். 'தங்கமீன் முப்பத்தெட்டு, காரணம் பிஸ்கட்' என்று எழுதி, தகவல் சொன்ன உறுப்பினர் என்ற இடத்தில் வேதவல்லியின் பெயரைப் போட்டார்.

தலைவர் அவள் பக்கம் குனிந்து கேட்டார்: "வெள்ளை வால் ராஜாவுமா?"

"இப்ப இருக்கிறது ஏழாவது ராஜா சார்."