மீனான தம்பிக்கு இரண்டு தொட்டி

ரொம்ப ரொம்ப முன்னே, பூதங்கள் பட்டப்பகலில் வந்து நியாயம் கேட்ட காலம் அது. செங்குவளை நாட்டில் உடையாள் என்று ஒருத்தி இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பி தீத்தாரப்பனைத் தூக்கி வளர்த்தவள். அவன் கண்ணாடி ஊதுகிறவன். கல்யாணமாகிப் பெண்டாட்டி செங்கமலத்தோடு பக்கத்து வீட்டில் குடித்தனம் வைத்தான். அன்றைக்குப் பிடித்தது உடையாளுக்கு வயிற்றெரிச்சல். அந்த வீட்டில் தம்பி சிரித்தால் இந்த வீட்டில் இவளுக்குச் சோறு இறங்காது. பொறாமைதான், வேறென்ன?

கண்ணாடிக்கு மணல் வேண்டுமே. தீத்தாரப்பன் ஏரிக்கரையில் ஒரு தடவை கேட்காமல் அள்ளினான், ஏரிப் பூதம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை அள்ளினான், பூதம் பல்லைக் கடித்தது. மூன்றாம் தடவை குனிந்தவனைச் சிவப்பு மீனாக்கி ஏரியில் விட்டுவிட்டது.

அக்காவும் பெண்டாட்டியும் கரையில் விழுந்து அழுதார்கள். பூதம் கொஞ்சம் இளகியது. அவன் ஊதிய கண்ணாடித் தொட்டி உங்கள் வீடுகளில் ஆளுக்கொன்று இருக்கிறது, அதில் நாற்பத்தெட்டு நாள் உயிரோடு நீந்தினால் மனுஷனாவான், செத்தால் செத்ததுதான் என்றது. போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவைத்தது.

"எந்த வீட்டுத் தண்ணீரில் மனுஷனாகிறானோ, அந்த வீட்டு ஆளைத்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கும்."

போதாதா? வளர்த்த பிள்ளை தன்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டுவிடுவானோ என்று உடையாளுக்குத் தலை சுற்றியது. செங்கமலமோ மீனைத் தொடக்கூட இல்லை. அவள் மீன் பிடிக்கிறவர் மகள். ஒரு மாசம் அவர் ஏரியிலேயே இருக்கட்டும் அண்ணி, முதலில் வீடு தயாராகட்டும் என்று போய்விட்டாள்.

என்னதான் செய்கிறாள் இவள்? உடையாள் மதிலை எட்டிப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் நிறைத்துச் சும்மா திறந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் செங்கமலம். "வெறும் தண்ணிக்குக் காவலா? வளர்த்தவ நான், எனக்குத் தெரியாததா?" என்று முணுமுணுத்தாள் உடையாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தாள். தொட்டிக்கு மேலே ஓட்டைப் பானை தொங்கியது. செங்கமலம் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு அதில் ஊற்ற, அது தூறலாகத் திரும்ப விழுந்தது. காற்றோடு கலந்து விழுந்தால்தான் தண்ணீருக்கு மூச்சு வரும் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணிக்கு மூச்சாம்! வளர்த்தவ நான், எனக்குத் தெரியாததா?

மூன்றாம் தடவை பார்த்தபோது ஏரியடியிலிருந்து வழுவழுவென்று அழுக்குப் பிடித்த கூழாங்கல்லும் பாசியும் கொண்டுவந்து, இந்த வழுவழுப்புதான் மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் என்று சொல்லிக்கொண்டே தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள் செங்கமலம். என் ராசாவுக்கு இந்தச் சேறா என்று உடையாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் தொட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீரை இறைத்தாள், அப்படியே ஊற்றினாள். மாசம் முடியுமுன்னே ஏரிக்கு ஓடி மீனைப் பிடித்து வந்து அதில் விட்டாள். தம்பிக்குப் பசிக்குமே என்று கைப்பிடி கைப்பிடியாகச் சோறும் போட்டாள். எதிரே உட்கார்ந்து, இனி என் தம்பி எனக்குத்தான் என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்துக் கலங்கியது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இன்னொரு குடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓட்டைப் பானையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அங்கே கொடுத்தால் பிழைப்பான், தன்னை மறப்பான். இங்கே வைத்தால் தன்னுடையவனாகவே சாவான். உடையாள் ஒரு மண்சட்டியில் தண்ணீரோடு மீனை மொண்டுகொண்டு ஓடினாள்.

"எனக்குத் தெரியல, செங்கமலம். நீயே வெச்சுக்கோ. என்னை மறந்தா மறந்துட்டுப் போறான், மூச்சு நின்னுடக் கூடாது."

செங்கமலம் ஒரு வார்த்தை ஏசவில்லை. உடையாள் சட்டியைக் கவிழ்க்கப் போக, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புதுத் தண்ணீரில் சட்டென்று விட்டால் தாங்க மாட்டார், உங்கள் தண்ணீரும் என் தண்ணீரும் முதலில் பழகட்டும் என்றாள். சட்டியைத் தொட்டியில் மிதக்க விட்டு, கை கையாகத் தன் தண்ணீரை அதில் சேர்த்தாள். சாயங்காலம்தான் சட்டியைச் சாய்த்தாள். மீனோடு உடையாள் வீட்டுத் தண்ணீரும் உள்ளே போனது.

செங்கமலத்தின் தொட்டிக்கு வந்த நாற்பத்தெட்டாம் நாள் காலையில் தொட்டி படீரென்று வெடித்தது. சொட்டச் சொட்ட எழுந்து நின்றான் தீத்தாரப்பன். "கமலம்" என்று பெண்டாட்டி கையைப் பிடித்தான். உடையாள் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரத் துணிச்சல் இல்லை. அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"அக்கா, பசிக்குது."

இரண்டு வீட்டுத் தண்ணீர் அல்லவா! உடையாள் விக்கி விக்கி அழுதாள். அழுகைக்கு நடுவே செங்கமலத்தின் முகம் கண்ணில் பட்டது. என் கையைப் பிடித்தார், பசியை அங்கே சொல்கிறாரே என்று அது சுண்டிப்போயிருந்தது. அந்த முகத்தை உடையாளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை நாள் போட்டுக்கொண்டு திரிந்த முகம்.

"எங்க வீட்ல இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கலப்பா. உன் பெண்டாட்டிகிட்ட கேளு" என்றாள் உடையாள்.

அவள் அடுப்பில் விடிந்ததிலிருந்து தம்பிக்காகக் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.