உப்பை விட்டு எழுந்த தண்ணீர்

கடலோரக் காட்டில் கீரி, காட்டுப்பன்றி, வெளிமான் மூன்றும் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்து வந்தன. ஒரு புயலில் கடலே எழுந்து காட்டுக்குள் வந்துவிட்டது. புயல் போயிற்று, குளத்தில் உப்பு தங்கிவிட்டது. குட்டி ஈன்றிருந்த மானுக்குப் பால் வற்றியது. குட்டிக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை.

அப்போது கீரி ஓடி வந்தது. "மான் அக்கா! இங்க வந்து பாருங்க!"

புயல் வீசியெறிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்று உப்புச் சேற்றின்மேல் கிடந்தது. அதன் அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள்! கீரி நக்கிப் பார்த்தது. உப்பே இல்லை!

உடனே ஒரு குழி தோண்டியது. குழிக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றி, நடுவில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்தது. மேலே தாளை மூடி, ஓரமெல்லாம் சேறு பூசி, நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்தது. வெயில் ஏறியது. தாளின் அடியில் ஈரம் பனி போலப் படர்ந்தது. துளிகள் ஒன்றுசேர்ந்து கல் இருந்த இடத்துக்கு வழிந்தன.

சொட்!

மூன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. "அடேயப்பா! இந்த உப்புக்குள்ள இப்படியொரு தண்ணி இருந்துச்சா!" என்றது மான். அதற்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அரைக் கொட்டாங்குச்சி சேர்ந்தது. குட்டி குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது.

"இவ்வளவுதானா?" என்றது பன்றி.

"ஒரு நாள் வெயிலுக்கு இவ்வளவுதான் அண்ணே. இது குட்டிக்கு. நாம காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்கு நடந்துதான் ஆகணும். நான் போய் வழி பார்த்துட்டு வர்றேன். குழிய நீங்க பார்த்துக்கோங்க!"

பன்றிக்கு நல்ல மனசுதான். பொறுமைதான் கிடையாது. மறுநாள் காலையில் உடைந்த படகின் பக்கத்தில் மழைநீர் தேங்கிய ஒரு குட்டையைக் கண்டது. உப்புக் கரிக்கவில்லை. மண்ணெண்ணெய் நாற்றம் மட்டும் குப்பென்று அடித்தது.

"உப்பையே கழற்றிவிட்ட குழி! இந்த நாத்தம் அதுக்கு எம்மாத்திரம்! உப்பில்லாத தண்ணின்னா இன்னும் நிறையச் சொட்டும்!" என்று குழிக்குள் கொண்டுபோய் ஊற்றியது.

சாயங்காலம் கீரி ஏரிக்கு வழி கண்டுகொண்டு திரும்பி வந்தது. தாளை விலக்கியதும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் பளிங்காக நின்றது. குட்டி ஆவலாக வாயைக் கொண்டுபோனது. தாய்மான் மோந்து பார்த்துப் பதறியது.

"குடிக்காதே!"

அது இடித்த இடியில் கொட்டாங்குச்சி கவிழ்ந்தது.

நடந்ததைக் கேட்ட கீரி தலையில் அடித்துக்கொண்டது. "அண்ணே, உப்புக்குப் பறக்கத் தெரியாது, அதான் கீழேயே கிடந்துச்சு. மண்ணெண்ணெய் படகுலேர்ந்து உங்க மூக்கு வரைக்கும் பறந்து வந்துச்சே! தண்ணியோட சேர்ந்து தாள் வரைக்கும் பறக்க அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

அன்று குட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது மறுபடியும் தலையைத் தரையில் போட்டுவிட்டது.

விடிந்ததும் பன்றி எண்ணெய் படாத சேற்றைத் தேடிப் புதுக்குழி தோண்டியது. வேறு தாளும் வேறு கொட்டாங்குச்சியும் தேடிக் கொண்டுவந்தது. வெயில் ஏற ஏற, கண்கொட்டாமல் பக்கத்திலேயே கிடந்தது.

சொட்!

சாயங்காலம் தாளை விலக்கியதும் குட்டி நாக்கை நீட்டியது. ஒவ்வொரு சொட்டாகக் குடித்தது. மெல்லக் காதை ஆட்டியது.

பன்றி தனக்கென்று ஒரு சொட்டும் கேட்கவில்லை. வறண்ட தொண்டையோடு ஏரியைப் பார்த்து நடந்தது.

ஒரு கருவி எதைச் செய்யும் என்று வியந்தால் மட்டும் போதாது, எதைச் செய்யாது என்றும் அறிந்தவரையே ஆபத்தில் அது காப்பாற்றும்.