வீரணன் கேட்டு வாங்கிய கிடை

ஒட்டங்குளத்துக் கரையில் வீரணன் என்ற ஆள்காட்டிக் குருவியும் அவன் மனைவி சிலம்பாயியும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு பொட்டல் இருந்தது. யாரும் தூக்கிக் கொடுத்த பொட்டல் இல்லை. நாயோடு சண்டை, நரியோடு சண்டை, காக்காய்க் கூட்டத்தோடு மூன்று நாள் ஓயாத சண்டை என்று போட்டு வீரணன் தானே பிடித்த இடம். அதனால் தன் வாய் மேல் அவனுக்கு அபார நம்பிக்கை. கத்தினால் நடக்காத காரியம் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தான்.

சீமைக்கருவேல் மட்டும் அவன் கத்தலுக்கு அசையவில்லை.

ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிடும். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்கு நிம்மதி. இரண்டு மழைக்காலத்தில் பொட்டல் முழுக்க முள் மண்டிவிட்டது. போன வருஷம் ஒரு கீரி அந்த முள்ளுக்குள்ளேயே பதுங்கி வந்து நாலு முட்டையையும் குடித்துவிட்டுப் போய்விட்டது. வீரணன் வந்து பார்த்தபோது ஓடுதான் கிடந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் சிலம்பாயி சொன்னாள்.

"ஏங்க, சித்திரை பிறந்தா எனக்கு முட்டையிடுற நாள் வந்திரும். இந்த முள்ளுக்குள்ள இன்னொரு தடவை என்னால முடியாது. யாராவது வேலை தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு நிலத்தைச் சுத்தம் பண்ணுங்க!"

குளத்துக்கு மேற்கே மூக்காண்டி என்ற காட்டுப்பன்றி இருந்தது. வேர் தோண்டுவதுதான் அதன் குடும்பத்துக்கே தொழில். வீரணன் போய்ச் சொன்னதும் மூக்காண்டி வந்தது. பொட்டலை ஒரு முழுச் சுற்று சுற்றியது. பத்து இடத்தில் மண்ணை மோந்தது. ஒரு செடியை மூக்கால் லேசாக நெம்பிப் பார்த்து விட்டுவிட்டது. வீரணனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பொண்ணா பார்க்க வந்திருக்கீங்க? சட்டுனு சொல்லுங்க!"

"எட்டு நாள் வேலை, தம்பி. நாங்க ஒன்பது பேர் வருவோம். ஒவ்வொண்ணையும் வேரோட எடுக்கணும். மேலால ஒடிச்சு விட்டா ஒண்ணு நாலாத் தளிர்க்கும்."

"கூலி?"

"வேலை முடிஞ்ச பிறகு நாப்பது நாள் நாங்க இந்தக் குளத்துச் சேத்துல பகல்ல படுத்துக் கிடப்போம். நாய் வந்தா, வேட்டைக்காரன் வந்தா நீ கத்தணும். அது உனக்குக் கைவந்த தொழில்தானே?"

"நாப்பது நாளா!" வீரணன் போட்ட சத்தத்தில் குளத்தில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "என்னைப் பார்த்தா ஏமாளி மாதிரியா தெரியுது? பத்து நாள்!"

"நாப்பது."

"பன்னெண்டு! அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்!"

"நாய் மத்தியானத்துக்கு மேல வராதா தம்பி? நாப்பது."

"பதினஞ்சு! அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. மண்ணைக் கிளறத் தெரிஞ்சா பெரிய வேலைக்காரனா? இந்த மூக்கு எனக்கு இருந்தா நானே தோண்டிக்குவேன்!"

மூக்காண்டி கோபப்படவில்லை. திரும்பி நடந்தது. நாலு எட்டு வைத்து நின்றது.

"சரி தம்பி, வேற ஆளைப் பாரு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இந்தக் காய் பழுக்கிற நேரத்துல ஆடு மட்டும்..."

"போதும்! யோசனைக்கும் சேர்த்துக் கூலி கேட்பீங்க! கிளம்புங்க!"

மூக்காண்டி போய்விட்டது.

"அவர் என்னமோ சொல்ல வந்தாரே?" என்றாள் சிலம்பாயி.

"கூலியைக் குறைக்காதவன் பேச்சை எதுக்குக் கேட்கணும்? நீ பாரு, நாளைக்கே இருபதுக்கு இறங்கி வருவான்!"

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீரணன் தினமும் மேற்கே பார்த்துக்கொண்டு, பார்க்காதவன் மாதிரி நடந்தான்.

ஆறாம் நாள் ஆடுகள் வந்தன. நாற்பது வெள்ளாடு. முன்னால் நின்றது சங்கிலி என்ற தாடிக்காரக் கிடா. சீமைக்கருவேல் காய் அப்போதுதான் மஞ்சளாகப் பழுத்திருந்தது. நாற்பது வாயிலும் எச்சில் ஒழுகியது.

"முதலாளி, கும்பிடுறேன்! நிலத்தைச் சுத்தம் பண்ண ஆள் தேடுறீங்களாமே! நாங்க பண்ணித் தர்றோம்!"

"கூலி என்ன கேட்பே? அதை முதல்ல சொல்லு!"

"கூலியா? உங்ககிட்டயா? இந்தக் காயைத் தின்னுக்கிறோம், அது போதும் முதலாளி!"

வேறு யாராக இருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பார்கள். வீரணனுக்கு அது முடியாது. எதிராளி ஒன்றுமே கேட்காவிட்டாலும், அதிலிருந்தும் கொஞ்சம் குறைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"ஏய், நில்லு! காய் யாரோட காய்? என் நிலத்துக் காய்! அதைத் தின்னுட்டுச் சும்மா போயிடலாம்னு பார்க்கிறியா? பதிலுக்கு எனக்கு என்ன தருவே?"

சங்கிலி திகைத்துப் போனது. தாடியைச் சொறிந்தது.

"எங்ககிட்ட என்ன முதலாளி இருக்கு?"

வீரணனுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஊர் வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடுகள் வயலில் படுத்துப் புழுக்கை போடும். அதற்கு வயல்காரர்கள் நெல் அளந்து கொடுப்பார்கள். அதை அவன் பல தடவை பார்த்திருக்கிறான்.

"வேலை முடியுற வரைக்கும் உங்க கிடை இங்கேதான்! ஒரு புழுக்கைகூட என் எல்லையைத் தாண்டி வெளியே விழக்கூடாது!"

"ஐயோ முதலாளி! கிடை போட்டா ஊர்ல எங்களுக்கு நெல்லு கொடுப்பாங்களே!"

"அது ஊரு! இது வீரணன்!"

"கழுத்தைப் பிடிக்கிறீங்களே!" என்று சங்கிலி புலம்பியது. ஆனால் கண் காயை விட்டு நகரவில்லை. "சரி, போங்க! உங்களுக்காக ஒத்துக்கிறேன்!"

சிலம்பாயி புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நமக்கு எதுக்குங்க எரு? நாம என்ன நெல்லா நடப்போறோம்? கல்லு மேல முட்டையிடுறவங்க நாம!"

"சும்மா வர்றதை எவளாவது வேண்டாம்பாளா? பேசாம இரு!"

பத்து நாள் வேலை நடந்தது. ஆடுகள் இலையை மோந்துகூடப் பார்க்கவில்லை. காய்க்காகப் பின்னங்காலில் நின்று கிளையை இழுத்தன. செடி மேல் ஏறி ஒடித்தன. விழுந்ததை மிதித்தன. ஒரு காய் மிச்சமில்லை. கடைசியில் கணுக்கால் உயரத்துக்குக் குச்சிகள்தான் நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பொட்டல் பளிச்சென்று இருந்தது. தரை முழுக்கக் கறுப்பு மிளகு கொட்டிய மாதிரி புழுக்கை.

வீரணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. கொக்கிடம் சொன்னான். நாரையிடம் சொன்னான். தண்ணீருக்குள் இருந்த ஆமையைக் கூப்பிட்டு வெளியே வரவழைத்துச் சொன்னான்.

"ஒரு நாள் காவல்கூடக் கிடையாது! அதுக்கு மேல பத்து நாள் கிடை! பேசத் தெரியணும் ஐயா, பேச!"

பங்குனிக் கடைசியில் கோடை மழை பெய்தது. மத்தியானம் பிடித்து அந்திவரை கொட்டியது. நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் வீரணன் பொட்டலில் இறங்கினான். தரை பச்சையாக இருந்தது.

"சிலம்பாயி! புல்லு முளைச்சிருக்கு பாரு! மெத்தை மாதிரி!"

சிலம்பாயி குனிந்து பார்த்தாள். அவனும் குனிந்தான். ஒவ்வொரு புழுக்கையிலிருந்தும் இரண்டு, மூன்று சீமைக்கருவேல் நாற்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒடித்து விட்ட குச்சி ஒவ்வொன்றிலும் நாலு தளிர்.

வீரணன் கத்தினான். நாற்றுகள் பயப்படவில்லை. அலகால் பிடித்து இழுத்தான். இலை அலகோடு வந்தது, வேர் உள்ளேயே நின்றது. மறுநாள் விரல்கடை உயரம் கூடியிருந்தது.

ஆத்திரம் தலைக்கேறி, இரண்டு ஊர் தாண்டிப் பறந்து போய்ச் சங்கிலியைப் பிடித்தான்.

"அடே தாடிக்காரா! என் நிலத்தை நாசம் பண்ணிட்டியே!"

"நான் என்ன பண்ணினேன் முதலாளி? நாங்க கேட்டது காய். தின்னுட்டு எங்கேயோ போயிருப்போம். ஒரு புழுக்கைகூட வெளியே விழக்கூடாதுன்னது யாரு?"

வீரணன் சிறகைப் படபடவென்று அடித்தான்.

"சரி, நாளைக்கே வந்து அந்த நாத்தையெல்லாம் தின்னு தொலைங்க!"

"அந்த இலையையா? த்தூ! கசப்பை எவன் தின்பான்! நல்லா வளரட்டும் முதலாளி. காய்ச்சதும் சொல்லி விடுங்க!"

வீட்டுக்கு வந்தபோது சிலம்பாயி ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னும் நாலு நாள்தான். மூக்காண்டி அண்ணாச்சிகிட்டப் போவோம். நானும் வர்றேன்."

போனார்கள். மூக்காண்டி மறுபடி வந்தது. மறுபடி ஒரு முழுச் சுற்று சுற்றியது. இந்தத் தடவை வீரணன் வாயைத் திறக்கவில்லை.

"ஆட்டை மட்டும் உள்ள விடாதேன்னு அன்னிக்குச் சொல்ல வந்தேன், தம்பி. இந்த விதை ஆட்டு வயித்துக்குள்ள ஊறி வந்தா ஒண்ணுகூடத் தவறாம முளைக்கும். அன்னிக்கு எட்டு நாள் வேலை. இன்னிக்குப் பதினாறு நாள்."

"கூலி?" என்று வீரணன் மெல்லக் கேட்டான்.

"எண்பது நாள் காவல்."

"எண்பதா! அம்பத்தஞ்..."

"எண்பதுக்கு எண்பது, அண்ணாச்சி!" என்று சிலம்பாயி குறுக்கே புகுந்தாள். "இவர் கத்துவார். இவருக்கு வேற என்ன தெரியும்! நீங்க நாளைக் காலையிலேயே வாங்க!"

மறுநாள் ஒன்பது பன்றிகளும் வந்தன. வரிசையாக நின்று ஒரு ஓரத்திலிருந்து தோண்டிக்கொண்டே வந்தன. ஒரு வேர்கூட அறுபடவில்லை. நீளம் நீளமாக, நுனியோடு வெளியே வந்தது. ஆனால் சிலம்பாயிக்கு நாள் காத்திருக்கவில்லை. வேலை தொடங்கிய நாலாம் நாள், பொட்டலின் நட்டநடுவில், இன்னும் தோண்டாத இடத்தில் முதல் முட்டையை இட்டுவிட்டாள். சுற்றிலும் நாற்றும் குச்சியும் நெருக்கியடித்து நின்றன.

மூக்காண்டி அதன் பக்கத்தில் வந்து மூக்கைத் தரையில் வைத்தது. வீரணனுக்கு உயிரே போனது. "ஐயோ! என் முட்டை! என் முட்டை!" என்று கத்திக்கொண்டு அதன் தலை மேல் பாய்ந்தான்.

மூக்காண்டி நின்றது.

"தம்பி, இந்த வேரை இப்படியே விட்டா, குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள இங்கே புதர் மண்டிரும். அப்புறம் எது வந்தாலும் உனக்குத் தெரியாது. எடுக்கணும்னா நீ கத்தக்கூடாது. நீ கத்தினா என் மூக்கு ஆடும். மூக்கு ஆடினா முட்டை போயிரும். எது வேணும்?"

வீரணன் அலகை மூடினான். பிறந்தது முதல் அவன் அப்படி மூடியதில்லை. விழுங்கிய சத்தம் கழுத்தில் உருண்டது. கண் பிதுங்கியது. ஒற்றைக் காலில் நின்றான்.

மற்ற எட்டுப் பன்றிகளும் வேலையை விட்டு உட்கார்ந்து பார்த்தன. மூக்காண்டி முட்டைக்கு ஒரு சாண் தள்ளி மூக்கை இறக்கியது. மண்ணைத் தூக்கவில்லை, நகர்த்தியது. ஒரு வேர் வந்தது. பக்கத்து வேர் வந்தது. கடைசி வேர் முட்டைக்கு அடியிலேயே ஓடியிருந்தது. அதை மூக்காண்டி நுனியில் பிடித்து, நூல் உருவுகிற மாதிரி உருவி எடுத்தது. முட்டை இருந்த இடத்தில் இருந்தது. ஒரு கூழாங்கல்கூடப் புரளவில்லை.

"இனிமே கத்து!" என்றது மூக்காண்டி.

வீரணனால் கத்த முடியவில்லை. முட்டைக்குப் பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

அதே வெட்டவெளியில் நாலு முட்டையும் பொரிந்து நாலு குஞ்சும் ஓடின. வீரணன் எண்பது நாளும் குளத்தங்கரையில் காவல் நின்றான். ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வேலை தெரிந்தவன் கேட்கும் கூலியை வெட்டுவதிலேயே குறியாக இருப்பவன், வேலையைக் கோட்டை விட்டுவிட்டு, கடைசியில் அவனிடமே போய் இரட்டைக் கூலி கொடுப்பான்.