மடவைக் குஞ்சும் திரும்பிய நீரோட்டமும்

நடுக்கடலில் பிறந்த மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. அங்கே ஓர் ஆறு கடலில் கலந்தது. அந்தக் கழிமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் அலையாத்திக் காடு. அதன் வேர்களுக்கு நடுவே பெரிய மீன்கள் வர முடியாது. இரையும் ஏராளம். வெளியே கடலில் தங்கினாலோ, யார் வாயிலாவது போக வேண்டியதுதான்.

கூட்டத்தில் செவுளன் என்ற அண்ணனும் மினுக்கி என்ற தங்கையும் இருந்தன. நீரோட்டம் கரைப் பக்கமாக ஓடியது. செவுளன் வாலை ஒருமுறை அசைத்தால் வெகுதூரம் போனது.

"பார்த்தாயா என் வேகத்தை! கடலையே கடந்துவிட்டேன்!" என்றது செவுளன்.

"அண்ணா, நான் வாலை ஆட்டவே இல்லை. நானும் உன் பக்கத்தில்தானே வருகிறேன்?" என்றது மினுக்கி.

"என் பின்னால் வருவதால் வருகிறாய்!"



கழிமுகம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, கரைக்கு ஏறி வந்திருந்த கடல்நீரான ஓதம் வற்றத் தொடங்கியது. ஆற்று நீர் சேறும் சருகுமாகக் கடலை நோக்கிப் பாய்ந்தது. குஞ்சுகளை வந்த வழியே பின்னுக்கு இழுத்தது. கூட்டம் சிதறியது; அண்ணனும் தங்கையும் மட்டும் ஒன்றாக இருந்தன.

மினுக்கிக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கியது. இனி முடியாது என்று உடம்பைத் தளர்த்தியது. அப்படியே அடியில் போய் விழுந்தது. அங்கே ஒரு பாறை. அதன் மறைவில் தண்ணீர் அசையவே இல்லை!

"அண்ணா, கீழே வா! இங்கே இழுப்பு இல்லை! தண்ணீர் திரும்பும்வரை படுத்திருக்கலாம்!"

மேலே ஓர் ஆலாப் பறவை வட்டமிட்டுக்கொண்டிருந்தது. துள்ளும் மீனைப் பிடிப்பது கடினம், களைத்த மீன் எளிது என்பது அதற்குத் தெரியும்.

"அடடா, என்ன வீரம்! ஆற்றையே எதிர்த்து நீந்தும் குஞ்சை இன்றுதான் பார்க்கிறேன்! கோழைகள்தான் சேற்றில் பதுங்கும்!" என்றது ஆலா.

"கேட்டாயா மினுக்கி? பறவைக்குத் தெரிகிறது என் அருமை!"

"அண்ணா, அது ஏன் உன் தலைக்கு மேலேயே சுற்றுகிறது? யோசித்துப் பார்!"

"உனக்குப் பொறாமை!"

செவுளன் நீந்தியது, நீந்தியது, இருந்த இடத்திலேயே நின்றது.

"இன்னும் கொஞ்சம்தான்!" என்றது ஆலா.

செவுளனின் வால் தளர்ந்தது. உடம்பு சாய்ந்து வெள்ளை வயிறு தெரிந்தது. ஆலா சட்டென்று இறங்கியது. மேலே ஏறியபோது அதன் அலகில் செவுளன் இருந்தது.

"வீரன் என்றாயே!" என்று கதறியது செவுளன்.

ஆலாவின் வாய் நிறைந்திருந்தது. 

மினுக்கி எல்லாவற்றையும் பார்த்தது. பாறையை விட்டு வெளியே வர அதற்கு வலுவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை.

பிறகு ஓதம் ஏறியது. தண்ணீரில் உப்பு கூடியது. மினுக்கி மேலெழுந்து அதனோடு போனது. வழியில் நீர் வற்றும்போதெல்லாம் அடியில் ஒதுங்கியது. ஏறும்போதெல்லாம் எழுந்தது. கடைசியில் அலையாத்தி வேர்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்த இறால் ஒன்று, "தனியாகவா வந்தாய்?" என்று கேட்டது.

"இரண்டு பேராகப் புறப்பட்டோம்" என்றது மினுக்கி.

ஓட்டம் சுமந்து வந்த தூரத்தைத் தன் வலிமை என்று நம்புகிறவன், ஓட்டம் திரும்பும்போது புகழ்கிறவன் வாய்க்கு இரையாவான்.