போர்த் தாம்பூலம்

வேங்கைமலை ராசாவின் சபையில் வெற்றிலைத் தட்டு ஏந்துகிறவள் மூக்காயி. போர்த் தாம்பூலத்தை யார் எடுத்து வாயில் போடுகிறாரோ, அவர்தான் படையை நடத்த வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம்.

பக்கத்து நாட்டுப் பாறையில் எண்ணெய் ஊறியது. அதன்மேல் கண் வைத்த எண்ணெய் வியாபாரி நல்லதம்பியும், வாளும் வேலும் விற்கிற கனகராயரும் மூன்று நாளாக ராசாவின் காதில் ஓதினார்கள்.

"அந்த நாட்டு ராசா உங்களையே ஏசிவிட்டான் மகாராசா! போர் தொடுங்கள். எதற்கும் நாங்கள் முன்னால் நிற்கிறோம்!"

ராசாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாம்பூலத்தை நீட்டச் சொன்னார். தளபதிகள் ஒருவரும் தொடவில்லை.

"தட்டு காலியாகாமல் திரும்பினால் உன் தலை இருக்காது" என்று மூக்காயியிடம் சீறினார்.

மூக்காயி அலட்டிக்கொள்ளாமல் நடந்து, வியாபாரிகள் எதிரே தட்டை நீட்டினாள்.

"எங்களிடம் ஏன் நீட்டுகிறாய்?"

"முன்னால் நிற்கிறோம் என்றது நீங்கள்தானே ஐயா?"

"அது பேச்சுக்குச் சொன்னது தாயி. எனக்கு மூட்டுவலி" என்றார் நல்லதம்பி. "நான் வாள் விற்கிறவன், பிடிக்கிறவன் இல்லை" என்று நழுவினார் கனகராயர்.

"நல்ல கதை! வெற்றிலை மெல்லுவது ஊரான் பிள்ளை, வாய் சிவப்பது உங்களுக்கா?"

சபை சிரித்தது. ராசா தலையைக் குனிந்துகொண்டார். "சரி, அதை நீயே போட்டுக்கொண்டு தட்டைக் காலியாக்கு."

மூக்காயி நிதானமாகச் சுண்ணாம்பு தடவி, மடித்து, மென்றாள். பிறகு தளபதிகளைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்போது நான்தானே தலைமை? எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா."