பன்னிரண்டாவது குதிரை

திருச்சியில் நில அளவை வரைபடம் வரைந்தே முப்பது வருடம் வேலை பார்த்தவர் அருளானந்தம். அவர் இழுத்த கோட்டை அளவுகோல் வைத்துச் சரிபார்க்க யாரும் துணிந்ததில்லை. ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்தது. வந்தது போய்விட்டது, வலது கையில் நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அதன்பிறகுதான் அவர் ஷமீனாவிடம் சீடராகச் சேர்ந்தார். ஷமீனா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். பகலில் பல்செட் செய்யும் தொழில். மாலையில் விரல் உயரப் பிளாஸ்டிக் குதிரைப்படைகளை உருமாற்றுவார். பழைய போர்களைப் பொம்மைப் படைகளை வைத்து மேஜைமேல் விளையாடிப் பார்ப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள்.

பெட்டியில் வருவதோ ஐரோப்பிய வீரர்கள். தொப்பித் தலையை வெட்டியெடுத்து, பசைமாவில் தலைப்பாகை சுற்றி, குண்டூசியைத் தட்டி ஈட்டியாக்கிக் கையில் கொடுத்தால் மராட்டியக் குதிரைவீரன்.

பதினொன்று முடிந்தன. பன்னிரண்டாவதில் அருளானந்தத்தின் கத்தி துள்ளியது. குதிரையின் முன்னங்கால்கள் இரண்டும் முறிந்து தெறித்தன.

அவர் கத்தியை மூடி வைத்தார்.

"டீச்சர், கை நடுங்குறவன் இந்த வேலைக்கு வரலாமா?"

ஷமீனா குதிரையை எடுத்தார். மிச்சமிருந்த பின்னங்கால்களையும் தொடையோடு நறுக்கினார்.

"ஐயோ! இருந்ததும் போச்சே!"

குதிரையின் வயிற்றை ஓர் அட்டையில் ஒட்டி, சுற்றிலும் விளிம்பு கட்டினார் ஷமீனா. பல்செட்டுக்கான நிறமில்லாத பொடியைத் திரவத்தில் குழைத்தார். காட்டமான வாடை எழுந்தது. குழைத்ததைக் குதிரையின் விலா வரை ஊற்றினார்.

"இது என்ன?"

"கொள்ளிடம். வடக்கேருந்து அதைத் தாண்டாம ஸ்ரீரங்கத்துக்கு எந்தப் படை வந்திருக்கு, சார்?"

பல் குத்தும் குச்சி ஒன்றை நீட்டினார்.

"இறுகுறதுக்குள்ள அலை போடுங்க."

"நானா?"

"சீக்கிரம், சார்."

கை நடுங்கியது. குச்சியும் நடுங்கியது. ஷமீனா பிடித்துக்கொடுக்க வரவில்லை. குதிரையின் மார்பைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடத் தொடங்கியது. அருளானந்தம் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுகியதும் படையை மேஜைமேல் அணிவகுத்தார். கால் ஊன்றிய பதினொன்றும் முன்னால். பன்னிரண்டாவதை யார் கண்ணிலும் படாதபடி ஓரமாக, பின்னால் வைத்தார்.

ஷமீனா அதை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.

"காலே இல்லாததையா, டீச்சர்?"

"ஆத்துல இறங்கினது அது ஒண்ணுதான், சார். மத்ததெல்லாம் இன்னும் கரையில நிக்குது."