சாம்பல் கோடு

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குச் சவரிப்பிச்சை மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புச் சாக்கைத் தோளில் ஏற்றுவார். மற்ற நாட்களில் கட்டுமரங்களைக் கரைக்கு இழுத்துப்போடும் கூலி வேலை. ஞாயிறு யாரும் கடலுக்குப் போகாத நாள். அன்று எட்டுக் கடற்கரை ஊர்களுக்கும் பந்தாட்டம். ஊருக்கு ஓர் அணி. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழோடும் ஒருமுறை ஆடும். வென்றால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. பின்னாளில் அந்த மைதானங்களில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. கோடு போட்டவரை ஊர்கள் மறக்கவில்லை.

முன்பு ஆட்டம் நடக்கும் ஊரே கோடு போட்டது. வேகமான அணி வந்தால் மைதானத்தைச் சுருக்கிவிடுவார்கள். அந்தச் சண்டையில் ஒருமுறை ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அதன்பின் லீக் கமிட்டி எல்லா ஊருக்கும் ஒரே ஆளை வைத்தது. புன்னைத்துறைச் சவரிப்பிச்சை புனித அந்தோனியாருக்குப் பயந்தவர், அளவில் பொய் சொல்லமாட்டார் என்று எட்டு ஊரும் ஒத்துக்கொண்டன.

நடுப்புள்ளியில் மண்டியிட்டு, "அந்தோனியாரே, ஒருத்தன் காலும் முறியக் கூடாது" என்று சொன்ன பிறகே அவர் அளவுக் கயிற்றைத் தொடுவார்.

"ஓய், அப்படியே ரெண்டு கோலும் கேளும்" என்று கரையிலிருந்து கேலி வரும். அவரும் சிரிப்பார்.

ஒரு வருடம் லீக்கின் கடைசி ஆட்டம் மணல்குடியில். புன்னைத்துறை அதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. அன்று வென்றால் கிடைக்கும். மணல்குடிக்குச் சமன் போதும். புன்னைத்துறைக்குக் கேப்டன் சவரிப்பிச்சையின் மகன் கஸ்பார்.

கோடு போட்டு முடித்ததும் மழை கொட்டியது. கோடுகள் கரைந்தன. மீதிச் சுண்ணாம்பு சாக்கிலேயே கூழானது. நாலு மணிக்குள் கோடு இல்லையென்றால் ஆட்டம் நடத்தும் ஊர் தோற்றதாக அர்த்தம். அது லீக் சட்டம். புன்னைத்துறைக்காரர்கள் ஓலைக்கொட்டகையில் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

கஸ்பார் வந்தான். "எப்பா, கயித்தச் சுருட்டும். மழ பெஞ்சதுக்கு நீரு என்ன செய்வீரு?"

"மழ நின்னுட்டே மக்கா" என்றார் அவர்.

ஒரு பனையோலைப் பெட்டியோடு மணல்குடி வீடுகளில் ஏறி இறங்கி அடுப்புச் சாம்பல் கேட்டார். பெண்கள் அள்ளிப் போட்டார்கள். ஈர மணலில் சாம்பல் வெளேரென்று நின்றது. விசில் ஊதும் நேரத்தில் நடுப்புள்ளியில் வழக்கம்போல் மண்டியிட்டு எழுந்தார்.

கோல் இல்லாமலே கடைசி நிமிடம் வந்தது. கஸ்பார் அடித்த பந்து காவலனைத் தாண்டி உருண்டு, கோல்கோட்டின் மேலேயே சேற்றில் நின்றுவிட்டது. கோடு தெளிவாகத் தெரிந்தது; பந்து அதை முழுதாகத் தாண்டவில்லை, கோல் இல்லை. கோப்பை மணல்குடிக்குப் போயிற்று.

"அசலூருக்குச் சாம்பப் பிச்ச எடுத்தவன்" என்றது புன்னைத்துறை. கஸ்பார் வீட்டில் பேசுவதை நிறுத்தினான். அந்தோனியார் திருவிழாவில் அவர் சிலையைச் சுமந்துபோகும் சப்பரத்தின் முன்கம்பு சவரிப்பிச்சையின் தோளுக்குரியது. அந்த வருடம் அவரை அழைக்கவில்லை. அவர் யாரிடமும் குறை சொல்லாமல் வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி மண்டியிட்டார்.

சப்பரம் கடற்கரைச் சாலையோடு போகவேண்டியது. அவர் வீட்டுச் சந்து முனையில் நின்றது. பாரம் திடீரென்று கூடியது, சந்துக்குள் திரும்பியதும் பூப்போல ஆயிற்று என்று தூக்கியவர்கள் சொல்வார்கள். யார் திருப்பினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சாம்பலால் கோடு போட்ட அந்தக் கைகளை அந்தோனியாருக்குத் தெரிந்திருந்தது. நல்ல கைகள் அவை.

கஸ்பார் வாசலில் வந்து நின்றான்.

"எப்பா, அந்தோனியார் வந்து நிக்காரு. முன்கம்புல ஆளில்ல. வாரீரா?"